மகளிர் இதயப் பரிசோதனைத் தொகுப்பு: பெயரில் மட்டும் மகளிர்

எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனை ஒன்று 3,500 ரூபாய்க்கு வழங்கும் 'மகளிர் இதயப் பரிசோதனை'யைச் சென்ற மாதம் செய்துகொண்டேன். எனக்கு வயது 54. இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் (ஓடும் பட்டையில் நடக்கவைத்து இ.சி.ஜி. பார்ப்பது), கொழுப்பு, சர்க்கரை என எல்லாம் காலை ஏழரை மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டன. எக்கோ எடுத்தவர் பெண்ணாக இருந்ததும், உடை மாற்றத் தனியறை இருந்ததும் நிறைவளித்தன. சிற்றுண்டி உப்புமா ஆறிப்போயிருந்தது; அது போகட்டும்.

என் குறை வேறு. ஆண்களுக்கான தொகுப்பின் விவரத்தாளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பரிசோதனைகூட மாறவில்லை. முதலில் நிரப்பித் தரச் சொன்ன படிவத்தில் புகை, மது, தந்தைக்கு வந்த மாரடைப்பு ஆகியவற்றைக் கேட்டவர்கள், கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடியதா என்று கேட்கவில்லை. பிற்கால இதயநோய்க்கு இவ்விரண்டும் முன்னறிகுறிகள் என்று அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கான வழிகாட்டலில் 2011-ஆம் ஆண்டே சேர்த்துவிட்டது.

இந்த விடுபடல் இந்த மருத்துவமனையில் தொடங்கியதன்று. முதன்முறை வரும் மாரடைப்பை ஆஸ்பிரின் குறைக்கிறது என்று 1989-இல் முடிவு வெளியிட்ட அமெரிக்க மருத்துவர்கள் ஆய்வில் பங்கேற்ற 22,071 பேரும் ஆண்களே. 39,876 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2005-இல்தான் வந்தது. அதில் ஒட்டுமொத்தமாகப் பக்கவாதம் குறைந்ததே தவிர, மாரடைப்பு குறையவில்லை. ஒரே மாத்திரை, இருபாலாருக்கும் இரு விடை!

டிரெட்மில் கதையும் அப்படித்தான். இதய இரத்தக்குழாயில் இல்லாத அடைப்பை இருப்பதாக அது காட்டிவிடுவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். எனக்கும் 'பாசிட்டிவ்' என்று வந்தது. நான் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, ஆஞ்சியோவுக்கு (மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி அடைப்பைப் பார்க்கும் பரிசோதனை) நாள் குறித்துக்கொள்ளலாமா என்று முகப்பில் இருந்தவர் கேட்டார். அறிக்கையைப் பார்த்த இதய மருத்துவரோ, படிவம் கேட்காததையெல்லாம் தாமே கேட்டார். என் இரண்டாம் பேறுகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறியதைக் குறித்துக்கொண்டு, முதலில் சி.டி. ஸ்கேன் போதும் என்றார். அதில் அடைப்பு இல்லை. ஆனால், நுண்ணிய இரத்தக்குழாய்களின் கோளாறு ஸ்கேனில் தெரியாது என்றும், பெண்களிடம் அது கவனிக்கப்படாமல் போவதுண்டு என்றும், நெஞ்சில் அழுத்தமோ மூச்சிரைப்போ வந்தால் 'அடைப்பில்லை' என்ற தாளை நம்பி வீட்டிலிருந்துவிட வேண்டாம் என்றும் விளக்கினார்.

தொகுப்புக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண்ணே தருவேன். அந்த மருத்துவரைத் தனியாகப் பார்க்கக் கட்டணம் 600 ரூபாய். அடுத்த முறை நேரே அங்கேதான் செல்வேன்.