ஃபிராங்க் வழக்கா, பெய்லிஸ் வழக்கா: எதை முதலில் படிப்பது?

யூத வெறுப்பு நீதிமன்றத்துக்குள் எப்படி நுழைகிறது என்று படிக்க நினைப்பவர்கள் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில் தயங்குகிறார்கள். இரண்டு விசாரணையும் 1913-இல் நடந்தவை. இரண்டிலும் கொல்லப்பட்டது 13 வயதுப் பிள்ளை, குற்றம் சாட்டப்பட்டவர் யூதர்.

குற்றச்சாட்டு
கீவ் (அன்றைய ரஷ்யப் பேரரசு): மதச் சடங்குக்காகச் சிறுவனைக் கொன்றார் என்று மெண்டல் பெய்லிஸ் மீது சுமத்தப்பட்ட பழைய பொய்.
அட்லாண்டா (அமெரிக்கா, ஜார்ஜியா மாநிலம்): சிறுமி மேரி ஃபேகனைக் கொன்றதாகப் பென்சில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் லியோ ஃபிராங்க் மீது பழி. முக்கியச் சாட்சி, வாக்குமூலத்தை மாற்றி மாற்றிச் சொன்ன துப்புரவுப் பணியாளர் ஜிம் கான்லி.

வெறுப்பு வந்த வழி
கீவ்: அரசே பின்னால் நின்றது.
அட்லாண்டா: தெருக்கூட்டம். விடுதலை என்று வந்தால் கூட்டம் பாய்ந்துவிடும் என்று பயந்து, தீர்ப்பு வாசிக்கும்போது ஃபிராங்கை நீதிமன்றத்துக்கே கொண்டுவரவில்லை. தன் தீர்ப்பை நேரில் கேட்கும் உரிமைகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

முடிவு
பெய்லிஸ்: இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை, அப்புறம் விடுதலை.
ஃபிராங்க்: மரண தண்டனையை ஜார்ஜியா ஆளுநர் ஸ்லேட்டன் 1915-இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு கும்பல் அவரைச் சிறையிலிருந்து கடத்தி மரியெட்டாவில் தூக்கிலிட்டது. 1986-இல் மன்னிப்பு கிடைத்தது. அதிலும் நிரபராதி என்று சொல்லவில்லை.

அரசின் கை எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமா, பெய்லிஸ். கும்பலுக்கு நீதிமன்றம் பணிவது புரிய வேண்டும் என்றால் ஃபிராங்க். ஃபிராங்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஹோம்ஸும் ஹியூஸும் தந்த மாறுபட்ட தீர்ப்பையும் சேர்த்தே படியுங்கள்.