தோட்டம், உழவர், கூட்டுறவு: பள்ளி உணவுக்குக் காய்கறி எங்கிருந்து வர வேண்டும்?

மாணவர்களுக்குப் புதிதாகப் பறித்த, சத்துள்ள காய்கறிகளைச் சமைத்துப் பரிமாற வேண்டும் என்று ஒரு பள்ளி முடிவெடுத்துவிட்டால், அதற்கு மூன்று வழிகள் உண்டு. வளாகத்திலேயே தோட்டம் போடலாம். சுற்றுவட்டாரத்து உழவர்களிடம் நேரடியாக வாங்கலாம். அல்லது பல உழவர்களின் விளைச்சலைத் திரட்டித் தரும் கூட்டுறவு ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இவை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, மூன்றையும் செய்யுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் பணமும் ஆளும் நேரமும் அளவாகவே வாய்த்திருக்கும் பள்ளியைப் பொறுத்தவரை இவை ஒன்றோடொன்று போட்டியிடும் வழிகளே. தோட்டத்துக்குக் கொடுத்த நிதியைச் சமையற்கூடத்துக்கும் கொடுக்க முடியாது.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் தட்டை நிரப்பும் பொறுப்பைத் தோட்டத்தின் மேல் சுமத்தக் கூடாது. அது கொள்முதலின் வேலை. காய்கறியைக் கண்டதும் ஒதுக்கிவைக்கும் பிள்ளையை, அதைக் கையால் தொட்டு வாயில் போட வைக்கும் பொறுப்பைக் கொள்முதலின் மேல் சுமத்தக் கூடாது. அது தோட்டத்தின் வேலை. இந்த இரண்டையும் இடம் மாற்றி எதிர்பார்ப்பதால்தான், ஆர்வத்தோடு தொடங்கிய முயற்சிகள் இரண்டாம் ஆண்டிலேயே ஓய்ந்துபோகின்றன.

முதலில் தோட்டத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 300 மாணவர்கள் படிக்கும் பள்ளியில், மதிய உணவில் ஒரு பிள்ளைக்கு 75 கிராம் காய்கறி என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 22.5 கிலோ தேவை. ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்றால் 4,500 கிலோ. பத்து வயதைத் தொட்டவர்கள் நாளொன்றுக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு சொல்வதை நினைத்தால், 75 கிராம் என்பது தாராளமான அளவுகூட இல்லை. இனி 20 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். தேர்ந்த கையால் பராமரிக்கப்பட்டு, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 4 கிலோ விளைந்தால்கூட மொத்தம் 400 கிலோதான் கிடைக்கும். பதினெட்டாவது நாள் சமையலோடு அது தீர்ந்துவிடும். அந்தப் பதினெட்டு நாளும் தொடர்ச்சியாக வராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கூடை கூடையாகத் தக்காளி பழுக்கும், அடுத்த ஒரு மாதம் பாத்தியில் நாற்று மட்டுமே நிற்கும்.

காலமும் ஒத்துவராது. குளிர் நாடுகளில் செடிகள் முழு வேகத்தில் காய்ப்பது கோடையில்; பள்ளிகள் நீண்ட விடுமுறையில் பூட்டிக் கிடப்பதும் அதே கோடையில்தான். வெப்ப நாடுகளில் விடுமுறையின்போது தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பாத்திகள் காய்ந்துபோகின்றன. நகரத்துப் பழைய வளாகங்களில் மண்ணில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், சோதனை செய்யாமல் நேரடியாக நடக் கூடாது. மண்ணைச் சோதிக்க வேண்டும், அல்லது நல்ல மண் கொண்டுவந்து மேட்டுப் பாத்தி கட்ட வேண்டும். மக்காத எருவை இடுவதானால், மண்ணைத் தொட்டு விளையும் காயை அறுவடை செய்வதற்குக் குறைந்தது 120 நாட்களுக்கு முன்பே இட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள் கூறுகின்றன. பிள்ளைகள் பச்சையாகவே கடித்துப் பார்க்கும் தோட்டத்தில், எந்த நாடாக இருந்தாலும், இந்த விதியை மனத்தில் கொள்வது நல்லது.

இத்தனை குறைகளையும் அடுக்கிய பிறகும், தோட்டத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முள்ளங்கி ஒன்றே அதற்குப் போதுமான காரணம். விதைத்து நான்கு நாட்களில் முளைக்கும். இருபத்தைந்து முப்பது நாட்களில் சிறு முள்ளங்கி பிடுங்கத் தயாராகிவிடும். தன் கையால் விதையை மண்ணுக்குள் அழுத்திய எட்டு வயதுப் பிள்ளை, ஒரு மாதத்துக்குள் இலைக்கொத்தைப் பிடித்து இழுத்து, மண் உதிர உதிர வெளியே வரும் சிவந்த கிழங்கைக் குழாயடிக்குக் கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. காரம் நாக்கைச் சுடும். முகம் கோணும். ஆனால் துப்புவதில்லை, ஏனென்றால் அது அந்தப் பிள்ளையின் முள்ளங்கி. பழக்கமில்லாத ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைக்கு மேல்கூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது உணவியலில் நன்கு அறியப்பட்ட செய்தி. அந்த முதல் சில முறைகளைப் பிணக்கின்றிக் கடக்கவைப்பதுதான் தோட்டத்தின் உண்மையான விளைச்சல். அதைத் தராசில் நிறுக்க முடியாது.

அதுவும் தானாக நடந்துவிடாது. லண்டனின் தொடக்கப் பள்ளிகளில் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தோட்டம் போடுவதால் மட்டுமே பிள்ளைகள் உண்ணும் காய், பழத்தின் அளவு கூடிவிடும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. தோட்டவேலை பள்ளியின் அன்றாட வாழ்வில் ஆழமாக ஊன்றிய பள்ளிகளில்தான் அந்த அளவு உயர்ந்திருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1995-இல் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற உணவக உரிமையாளர் ஒரு நடுநிலைப் பள்ளியில் தொடங்கிய தோட்டம் உலகெங்கும் முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. தார் போட்டிருந்த நிலத்தைப் பெயர்த்து ஏறத்தாழ ஒரு ஏக்கரில் அமைத்த அந்தத் தோட்டத்தின் அழகைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, தோட்டத்தோடு ஒரு சமையல் வகுப்பறையும், இரண்டையும் பாடத்திட்டத்தோடு இணைக்கத் தனியாக ஆசிரியர்களும் அங்கே அமைந்ததுதான். ஆர்வமுள்ள ஒரே ஓர் ஆசிரியரின் தோள்மேல் நிற்கும் தோட்டம், அவர் மாற்றலாகிப் போனதும் புதராகிவிடும்.

இரண்டாவது வழியான நேரடிக் கொள்முதலில் அளவுக் கணக்கு சரிப்பட்டு வருகிறது. நாளொன்றுக்கு 22.5 கிலோ என்பது ஒரு சிறு உழவருக்கு எட்டாத அளவன்று. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஆண்டு முழுவதும் தரலாம். காலையில் பறித்தது மதியம் வெந்துவிடும். இடைத்தரகர் இல்லாததால், பள்ளி கொடுக்கும் தொகை ஏறக்குறைய முழுவதும் விளைவித்தவர் கைக்குப் போகிறது. உழவரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். வகுப்பே அவருடைய வயலுக்கு ஒருநாள் போய் வரலாம். படிக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல் சமையற்கூடத்தின் வாசலில் தொடங்குகிறது. வயலிலிருந்து நேராக வந்த கேரட் மூட்டையை நான் ஒரு பள்ளிச் சமையற்கூடத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சுண்டுவிரல் பருமனில் ஒன்று, மணிக்கட்டுப் பருமனில் ஒன்று, இரண்டு கால் முளைத்ததுபோல் பிளந்த ஒன்று. எல்லாவற்றிலும் ஈரமண் அப்பியிருந்தது. சுவை அருமையாக இருந்தது. ஆனால் கழுவவும் சுரண்டவும் இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தோல் சீவும் இயந்திரத்தில் சிறியவை தேய்ந்தே போயின. அன்று சமையலர்கள் முகம் சுளித்ததில் எனக்கு வியப்பில்லை. அதே வேலை நேரத்தில், அதே எண்ணிக்கை ஆட்களோடு, கூடுதலாக ஒரு மூட்டை மண்ணையும் அவர்கள் கழுவ வேண்டியிருந்தது. உள்ளூர் விளைபொருள் வாங்குவோம் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் சமையலர் ஒருவரேனும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

உழவரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பள்ளி கேட்கும் அளவு அவருக்குப் போதாமல் இருக்கலாம், அல்லது ஒரே வாரத்தில் அளவுக்கு மீறியதாக இருக்கலாம். தேர்வுக் காலத்தில் உணவு கேட்போர் எண்ணிக்கை திடீரென்று பாதியாகக் குறையும்; விடுமுறையில் முற்றிலும் நின்றுவிடும்; செடியோ அந்த நாட்காட்டியைப் பார்த்துக் காய்ப்பதில்லை. விதைப்பதற்கு முன்பே அளவையும் விலையையும் எழுதிக்கொள்ளும் முன் ஒப்பந்தம் இல்லாவிட்டால், பள்ளியை நம்பி ஒரு பாத்தியைக்கூட ஒதுக்க அவர் தயங்குவார். பணம் தாமதமாக வந்தால் கதை அதோடு முடிந்தது. கானா நாடு 2005-இல் தொடங்கிய பள்ளி உணவுத் திட்டம், உள்ளூர் உழவர்களின் விளைச்சலுக்குச் சந்தையாக அமையும் என்ற நோக்கத்தையும் கொண்டிருந்தது. சமைத்துத் தரும் ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் தாமதமாக வந்தபோது, அவர்கள் கடனுக்குச் சரக்கு தரும் வியாபாரிகளிடம் வாங்கலானார்கள். கைச்செலவுக்குப் பணம் தேவைப்படும் சிறு உழவரால் கடனுக்குத் தர முடியாது என்பது எளிய உண்மை. நல்ல நோக்கம் அந்த இடத்தில் தோற்றுவிடுகிறது.

சட்டமும் குறுக்கே நிற்கலாம். பொதுப் பணத்தில் வாங்கும்போது போட்டி முறையில் குறைந்த விலையைத் தேட வேண்டும் என்ற விதி, ஊழலைத் தடுப்பதற்காக வந்தது. அது நல்ல விதி. ஆனால் அதே விதி, பக்கத்து வயலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் பறித்துவிடுகிறது. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு வேளாண் சட்டம், பதப்படுத்தாத உள்ளூர் விளைபொருளுக்கு முன்னுரிமை தரலாம் என்று பள்ளிகளுக்கு இடம் கொடுத்தது. எனினும், உள்ளூரில் விளைந்ததாகவே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் நிபந்தனையாக எழுத 2024 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. இடையில் பதினாறு ஆண்டுகள்.

மூன்றாவது வழியான கூட்டுறவு, இந்த இரண்டு தடைகளையும், அதாவது சமையற்கூட வாசலையும் கொள்முதல் விதியையும், ஒருங்கே சமாளிக்கக்கூடியது. இருபது உழவர்களின் கேரட்டை ஓரிடத்தில் திரட்டி, கழுவி, பருமன்வாரியாகப் பிரித்து, ஒரே வண்டியில், ஒரே ரசீதோடு அனுப்ப அதனால் முடியும். ஒருவருடைய வயலில் பூச்சி விழுந்தால் இன்னொருவருடைய வயல் ஈடுகட்டும். பள்ளியின் கணக்கர் இருபது பேருக்குப் பதிலாக ஒருவருக்குப் பணம் அனுப்பினால் போதும்.

இந்த வழியை ஒரு நாடு தழுவிய அளவில் நடத்திக் காட்டியது பிரேசில். 2009-இல் இயற்றப்பட்ட 11.947 எண்ணுள்ள சட்டம், பள்ளி உணவுக்காக மத்திய அரசு அனுப்பும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப வேளாண்மை செய்வோரிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஏறத்தாழ 4 கோடி மாணவர்கள் உண்ணும் திட்டம் என்பதால், இந்த விழுக்காடு சிறு உழவர்களுக்கு மிகப் பெரிய சந்தையாக அமைந்தது. சட்டத்தை எழுதியவர்கள் விழுக்காட்டோடு நின்றுவிடவில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. வழக்கமான ஒப்பந்தப்புள்ளிக்குப் பதிலாக, விலையை முன்பே அறிவித்து உழவர் குழுக்களை அழைக்கும் பொது அழைப்பு முறைக்கு இடம் வைத்தார்கள். நிலச் சீர்திருத்தக் குடியிருப்புகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தந்தார்கள். உணவுப் பட்டியலை வகுக்கும் பொறுப்பை உணவியல் வல்லுநர்களிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த பருவத்தில் அந்த வட்டாரத்தில் என்ன விளையும் என்று தெரிந்துகொண்டு உணவுப் பட்டியலை எழுதுவதற்கும், பட்டியலை எழுதி முடித்துவிட்டுக் காய்கறியைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

கூட்டுறவில் இழப்பும் உண்டு. திரட்டுவதற்கும் கழுவுவதற்கும் வண்டிக்கும் ஆகும் செலவு, உழவருக்குச் சேரும் தொகையிலிருந்தோ பள்ளியின் நிதியிலிருந்தோதான் கழியும். விளைவித்தவரின் முகம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். நிர்வாகம் பலவீனமாக இருந்தால், வெளிச்சந்தையில் வாங்கிய சரக்கே கூட்டுறவின் பெயரில் பள்ளிக்குள் வரும் ஆபத்தும் இருக்கிறது. எந்த உழவரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று ரசீதிலேயே எழுதித் தரும்படி கேட்பது இதற்கு நல்ல காப்பு.

ஜப்பானைப் பற்றி இங்கே ஒரு சொல். 2005-இல் அங்கே உணவுக் கல்விக்கென்று அடிப்படைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், மதிய உணவைத் திட்டமிடுவதோடு வகுப்பில் உணவைப் பற்றிப் பாடமும் நடத்தும் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பணியும் உருவாயிற்று. தட்டில் இருப்பதையே பாடமாக்கக்கூடிய ஒருவர் பள்ளிக்குள் இருந்தால், எங்கிருந்து வாங்கினாலும் அந்த உணவு பாதிக் கல்வியாகிவிடுகிறது. தோட்டத்துக்கு இடமே இல்லாத பள்ளிகளுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆகவே, எந்தப் பள்ளி எதைத் தேர்ந்தெடுப்பது? நூறு பேருக்கும் குறைவாகப் படிக்கும் சிறிய பள்ளிக்கு, பக்கத்தில் வயல் இருந்தால், நேரடிக் கொள்முதலே சிறந்தது. நாளுக்கு ஏழெட்டுக் கிலோவுக்காக ஒரு கூட்டுறவு வண்டி வந்து போவது கட்டுப்படியாகாது, மண் கழுவும் வேலையும் மலைக்க வைக்காது. பல நூறு பேருக்குச் சமைக்கும் பள்ளியோ, பல பள்ளிகளுக்குச் சேர்த்துச் சமைக்கும் மையச் சமையற்கூடமோ கூட்டுறவைத்தான் நாட வேண்டும். அங்கே தனித்தனி உழவர்களோடு பேசி முடிப்பது நிர்வாகத்தால் இயலாத காரியம். தோட்டம் எந்த அளவுள்ள பள்ளிக்கும் பொருந்தும், ஆனால் நான்கு பாத்திகளுக்கு மேல் முதல் ஆண்டில் வேண்டாம்.

நடுத்தர அளவுள்ள 300 பேர் பள்ளிக்கு நான் சொல்வது இதுதான். முதல் ஆண்டில் ஒரே ஒரு காயை மட்டும் உள்ளூர்க் கொள்முதலுக்கு மாற்றுங்கள். அது எளிதில் கழுவக்கூடியதாக, நான்கைந்து நாள் கெடாமல் இருக்கக்கூடியதாக இருக்கட்டும். பூசணி, பீட்ரூட் ஆகியவை பொருந்தும். கீரையை மூன்றாம் ஆண்டுக்கு விட்டுவிடுங்கள், ஏனெனில் 22 கிலோ கீரையை ஆய்ந்து அலசுவதற்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் போய்விடும். தோட்டத்தின் ஒரு பாத்தியில் அதே காயைப் பிள்ளைகளிடம் கொடுத்து விதைக்கச் சொல்லுங்கள். அது காய்க்கும் வாரத்தில் தட்டிலும் அதே காய் வரும்படி உணவுப் பட்டியலை அமைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த நிதியில் முதல் செலவாக ஓர் ஆழமான கழுவு தொட்டியும் நல்ல கத்திகளும் வாங்குங்கள். பாத்திக்கு வேலி அடுத்தபடி. உழவரோடு எழுதும் ஒப்பந்தத்தில் அளவு, விலை, விடுமுறை நாட்கள் ஆகியவற்றோடு, சரக்கு வந்து எத்தனை நாட்களுக்குள் பணம் கைக்கு வரும் என்பதையும் தவறாமல் எழுதுங்கள். பதினைந்து நாட்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.