தஞ்சாவூர்ப் படம் எழுதுகிறவர்கள் கவனிக்க: 23,000 ரூபாய் போச்சு, பேரும் போச்சு

நேற்று ராத்திரி நாத்தனார் மகள் ஒரு லிங்க் அனுப்பினாள். "அத்தை, இது நீங்க எழுதின கிருஷ்ணன்தானே?"

என்னுடையதேதான். வெண்ணெய்ப் பானையின் வாய் ஓரம் மூளி. எங்கள் வீட்டு மோர்ப்பானையைப் பார்த்து நான் வரைந்த மூளி அது. அப்படியே அச்சடித்து, சட்டம் போட்டு, ஒன்று 1,499 ரூபாய். கீழே 'எங்கள் கலைக்கூடத்தின் சொந்தப் படைப்பு' என்று வேறு.

கைவினைப் பொருள் விற்கும் ஒரு ஆன்லைன் கடை. தை மாதம் அங்கிருந்து ஒரு தம்பி கும்பகோணத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்தார். மூன்று படம், ஒன்று 12,000. முன்பணம் 13,000, மீதி 23,000 படம் கைக்கு வந்ததும். திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார். நான் ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் பென்சிலில் 'கோடு வாத்தியாருடையது' என்று எழுதி அவர் பேர், அதற்குக் கீழே மக்கு (புடைப்பு எழுப்பும் பசை), ரேக்கு (மேலே ஒட்டும் தங்கத் தகடு), வண்ணத்துக்கு என் பேர். பாணி எல்லாருக்கும் பொது, ஆனால் ஒருத்தர் போட்ட கோட்டை எடுத்தால் அவர் பேரைச் சொல்லணும் என்று பழக்கியவர் வாத்தியார். பானை மட்டும்தான் நான் சேர்த்தது.

தம்பி அந்தப் பென்சில் எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். "அக்கா, ரெண்டு பேர் பேரும் படத்துக்குக் கீழயே வரும், சத்தியமா" என்றார். அங்கேதான் விழுந்தேன். கேட்டதும் பெரிய சைஸ் போட்டோக்களையும் அனுப்பிவைத்தேன்.

பங்குனியில் படங்கள் போயின. "மார்ச் கணக்கு முடியட்டும்க்கா." அப்புறம் "சார் ஊர்ல இல்ல." அப்புறம் நீல டிக் மட்டும். இன்று காலை பேரைப் பற்றிக் கேட்டதும் உடனே பதில் வருகிறது: "தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கு, அது பொதுச்சொத்துக்கா."

அடப்பாவி! 2007-08இல் கிடைத்த அந்தக் குறியீடு, வேறு ஊர்ச் சரக்கைத் தஞ்சாவூர் பேரில் விற்காமல் தடுக்க. எழுதினவர் பேரைத் துடைக்கவா கொடுத்தார்கள்? 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் 'இது என் வேலை' என்று சொல்லும் உரிமை எழுதினவருக்கே என்கிறது. நானோ மீதிப் பணத்தையே பார்க்கவில்லை. 23,000 ரூபாய்! தங்க ரேக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முழுப் பணம் வராமல் பெரிய போட்டோ கொடுக்காதீர்கள். பேரை மூலையில் போட்டால் வெட்டிவிடுகிறார்கள், படத்தில் வரைந்த பட்டின் மடிப்புக்குள் எழுதுங்கள். சத்தியத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

வாத்தியாரிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் திருவையாறு போகணும்.