சாக்ஸ் முதலில், ஷூ அப்புறம்

ஷூ வாங்க வாரக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட சாக்ஸ் என்று வந்துவிட்டால் கைக்கு எட்டியதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஓட்டம், நீண்ட நடை, மலைப்பாதை, இடையிடையே பேட்மிண்டன் என்று பல வருடங்களாகக் கால்களை நன்றாக வேலை வாங்கிவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எந்த சாக்ஸ் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டுதான் ஷூவைப் பார்க்கவே உட்கார வேண்டும்.

கொப்புளம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது புரியும். மேலே ஏதோ உரசித் தேய்ப்பதால் வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். தேய்ந்தால் சிராய்ப்புதான் வரும். கொப்புளத்தின் கதை வேறு. ஒவ்வொரு காலடியிலும் உள்ளே எலும்பு முன்னும் பின்னுமாக நகர்கிறது. தோலின் மேற்பரப்போ சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. நடுவில் அகப்பட்ட தோலடுக்குகள் இழுபட்டு இழுபட்டு, ஒரு கட்டத்தில் மேல்தோலுக்குள்ளேயே விட்டுப்போகின்றன. அந்த இடைவெளியில்தான் நீர் கோத்துக்கொள்கிறது. இதில் ஈரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. லேசாக ஈரமான தோல், வறண்ட தோலைவிட அதிகமாகப் பிடிக்கும், அதனால் அதிகமாக இழுபடும். இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன என்பார்கள். ஷூ என்ற மூடிய பெட்டிக்குள் அத்தனையும் வேலை செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சாக்ஸிடம் நான் முதலில் பார்ப்பது மெத்தென்று இருக்கிறதா என்பதை இல்லை. வியர்வையை அது என்ன செய்கிறது என்பதைத்தான்.

பருத்தி வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். தண்ணீரை உறிஞ்சுவதுதான் அதன் குற்றம் என்பார்கள். அது முழுக் கதை இல்லை. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை எடுத்துக்கொள்ளும். கம்பளி சுமார் 16 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு! நைலான் 4 சதவீதம், பாலியஸ்டர் ஒரு சதவீதம்கூட இல்லை. அப்படியானால் கம்பளிதான் மோசமாக இருக்க வேண்டும், ஆனால் அப்படி இல்லை. கம்பளி இழை ஈரத்தைத் தனக்குள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது, மேற்பரப்பு உலர்ந்த மாதிரியே இருக்கிறது. இழைக்கு இயற்கையாகவே சுருள் இருப்பதால் நனைந்த பிறகும் துணி தொய்வதில்லை. பருத்தி நனைந்தால் துவண்டு, குதிகாலுக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் திரள்கிறது. அந்த மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு கொப்புளத்துக்கு விதை. பக்கத்துத் தெரு வரை நடந்து வர பருத்தி சாக்ஸ் தாராளமாகப் போதும். மணிக்கணக்கில் வியர்க்கும் வேலைக்கு அது ஒத்துவராது.

மெரினோ என்ற செம்மறி வகையின் கம்பளி என்றால் உடம்பெல்லாம் அரிக்குமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. அரிப்பு வருவது தடித்த இழையால். முரட்டுக் கம்பளியின் இழை 30 மைக்ரானைத் தாண்டும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெரினோ பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள்தான், நல்ல சாக்ஸில் 20-ஐ ஒட்டி இருக்கும். அது தோலைக் குத்தாமல் வளைந்துவிடும். வெயில் காலத்துக்குக் கம்பளியா என்ற கேள்விக்கும் என் பதில் ஆமாம்தான், ஆனால் மெல்லிய வகையில். நாற்றம் விஷயத்தில் மெரினோவை அடிக்க ஆள் இல்லை. இரண்டு நாள் தொடர்ந்து போட்ட மெரினோ சாக்ஸை அறைக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் போட்ட பாலியஸ்டர் சாக்ஸை வெளியே வைப்பது கூட இருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை.

சரி, அதன் குறை என்ன? தேய்மானம். முழுக்க முழுக்க மெரினோ என்று பெருமையாக அச்சிட்டு வந்த சாக்ஸ்கள் எல்லாம் என்னிடம் குதிகாலிலும் பெருவிரல் நுனியிலும் சீக்கிரமே வலை மாதிரி ஆகிவிட்டன. நீடித்து உழைத்தவை எல்லாம் கலப்புதான்: பாதிக்கு மேல் மெரினோ, மீதி நைலான், கொஞ்சம் எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல். நைலான் தேய்மானத்தைத் தாங்கும், எலாஸ்டேன் பிடிமானம் தரும். அட்டையில் கலவை விகிதம் போட்டிருக்கும், பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். ஓடுவதற்கு மட்டும் நான் மெல்லிய நைலான், பாலியஸ்டர் கலவைக்குப் போய்விடுகிறேன். அது கம்பளியைவிட வேகமாகக் காயும். ஓடி முடித்ததும் கழற்றி அலசிவிடுவதால் நாற்றம் பொருட்டில்லை.

இரட்டை அடுக்கு சாக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளடுக்கு காலோடு ஒட்டியிருக்கும், வெளியடுக்கு ஷூவோடு நகரும். இழுவிசை தோலுக்குப் போகாமல் இரண்டு துணிகளுக்கு நடுவிலேயே தீர்ந்துபோகும். கோட்பாடு அழகாக இருக்கிறது, நடைமுறையிலும் பெரும்பாலும் வேலை செய்கிறது. தொல்லை துவைத்த பிறகுதான். அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டால் பிரித்து நேராக்குவதற்குள் பொறுமை போய்விடும். எனக்கு அதைவிடப் பிடித்தது விரல் பிரித்த சாக்ஸ். விரலுக்கு விரல் உரசிக் கொப்புளம் போடுகிறவர்களுக்கு, முக்கியமாகச் சுண்டுவிரல் பக்கத்து விரலின் கீழே மடங்கிக்கிடக்கும் வாகுள்ளவர்களுக்கு, இதற்கு ஈடு இல்லை. பார்க்க வேடிக்கையாக இருக்கும், மாட்டுவதற்குள் கூட வந்தவர் கிளம்பிப் போயிருப்பார். சாக்ஸில் விரல் பிரிப்பது ஒன்றும் புதுக் கூத்து இல்லை. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழங்கால ஊரில் கிடைத்த, கி.பி. 300 முதல் 500-க்குள் செய்யப்பட்ட ஒரு ஜோடி சிவப்புக் கம்பளி சாக்ஸ் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செருப்பு வாருக்கு வழிவிட்டு, பெருவிரலைத் தனியாகப் பிரித்துப் பின்னியிருக்கிறார்கள். காலில் எதைப் போடப்போகிறோம் என்று பார்த்து சாக்ஸைப் பின்னியவர்கள்!

உயரம் என்பது தோற்றத்துக்கான சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள். ஷூவின் கழுத்து எங்கே முடிகிறதோ அதற்கு இரண்டு விரலாவது மேலே சாக்ஸ் நிற்க வேண்டும். கணுக்காலுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும் குட்டை வகை ஓடும்போது குதிகாலில் இருந்து வழுக்கி உள்ளே போய்விடும். மண்பாதையில் பொடிக்கல்லும் விதையும் நேராக உள்ளே வரும். விரல் முனைத் தையலை வாங்கும்போதே உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கைக்கே உறுத்தினால் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கால் என்ன சொல்லும்? தடிமன் பற்றி ஒன்றுதான்: தடித்த சாக்ஸ் ஷூவுக்குள் இடத்தை அடைத்துக்கொள்ளும். தாராளமாக இருந்த ஷூ தடித்த சாக்ஸால் இறுகி, கால் மரத்துப்போவது உண்டு. சாக்ஸ் முதலில் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இனி ஷூ.

சாயங்காலம் வாங்குங்கள், நாள் முழுக்க நின்று நடந்து கால் வீங்கியிருக்கும். நீண்ட நடையின் கடைசியில் இருக்கும் கால் அந்தக் கால்தான். இரண்டு கால்களும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம், பெரியதற்கு வாங்க வேண்டும். அட்டையில் உள்ள எண்ணை நம்பிப் பயனில்லை. ஐரோப்பிய எண் ஒன்றுக்கு 2/3 செ.மீ., பிரிட்டிஷ் எண் ஒன்றுக்கு 1/3 அங்குலம், அமெரிக்க எண் வேறிடத்தில் தொடங்குகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் கால் அச்சைத் தன் இஷ்டத்துக்குச் செதுக்குகிறது. நான் செய்வது இதுதான்: உள்ளே பாதம் படும் மெத்தையை, அதாவது இன்சோலை, உருவித் தரையில் போட்டு, சாக்ஸோடு அதன்மேல் ஏறி நிற்பேன். பக்கவாட்டில் கால் பிதுங்கினால் அந்த ஷூ எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் ஷூவின் முனையில் மோதி மோதி, கறுத்து, சில வாரங்களில் கழன்றுவிடும். நீளத்தைக் கூட்டி அகலக் குறைவைச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குதிகால் தளர்ந்து வேறு பிரச்சினை தொடங்கும்.

குதிகால் தூக்குகிறது என்றால் ஷூவை மாற்றுவதற்கு முன் லேஸை மாற்றிக் கட்டிப் பாருங்கள். பல ஷூக்களில் எல்லாவற்றுக்கும் மேலே, கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒரு கூடுதல் துளை இருக்கும். அது எதற்கு என்று தெரியாமலே பலர் ஷூவைத் தேய்த்துத் தூக்கிப்போட்டிருப்பார்கள். லேஸை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் ஆக்குங்கள். இரண்டு பக்கமும் செய்து, எதிர்ப்பக்கத்து முனையை அந்த வளையத்துக்குள் கோத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. இறக்கத்துக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. பாதத்தின் மேல்புறம் வலித்தால் வலிக்கும் இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல் நேராக மேலே ஏற்றிக் கட்டலாம்.

எந்த வேலைக்கு எந்த ஷூ என்பதில் எனக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஓட்டத்துக்கான ஷூவைப் போட்டுக்கொண்டு பேட்மிண்டன் ஆடாதீர்கள். அது முன்னோக்கிப் போவதற்காகச் செய்தது. உயரமான நுரைமேல் நின்று பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் மடங்கும். ஆடுகள ஷூ தாழ்வாக, தரையை நன்றாகப் பிடிக்கும் ரப்பர் அடியோடு, பக்கவாட்டில் விறைப்பாக இருக்கும். மற்ற எல்லைகள் அவ்வளவு கறாரானவை இல்லை. நல்ல மண்பாதைக்கு ஓட்ட ஷூ போதும். பாறையும் சேறும் என்றால்தான் ஆழமான பற்கள் உள்ள அடிப்பாகம் தேவை. அந்த ரப்பர் பற்களுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1935-இல் ஆல்ப்ஸில் இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானியுடன் ஏறியவர்களில் 6 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் காலில் அன்று இருந்தது மெல்லிய, உறைபனிக்கு உதவாத ஷூ. இரண்டு வருடத்தில் அவர் உருவாக்கிய ரப்பர் அடிதான் விப்ரம். இன்றும் பல மலையேற்ற ஷூக்களின் அடியில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

நீர் புகாத சவ்வு வைத்த ஷூ குளிருக்கும் பனிக்கும் நல்லது. கொட்டும் மழையிலும் ஓடையைக் கடக்கும்போதும் தண்ணீர் கழுத்து வழியாகத்தான் உள்ளே வரும், வந்த தண்ணீர் வெளியே போகாது. வெப்பமான ஈரத்தில் எனக்கு வலைத்துணி ஷூதான். நனையும், ஆனால் நடக்க நடக்கவே வடிந்துவிடும்.

வெறுங்கால் போன்ற தட்டை ஷூ விரும்பிகள் எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலாவை இழுக்காமல் விட மாட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி ஜெயித்தார், உண்மைதான். 1964-இல் டோக்கியோவில் ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு இன்னும் வேகமாக ஓடி ஜெயித்தார் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். தட்டை ஷூ எனக்கும் பிடிக்கும், நடைக்கு மட்டும். பழக்கமில்லாத கெண்டைக்கால் தசையை ஒரே வாரத்தில் அதற்கு மாற்றினால் வலி நிச்சயம்.

நீண்ட நாள் உழைப்பு என்று பார்த்தால் ஷூவில் முதலில் சாவது காலுக்கும் அடி ரப்பருக்கும் இடையில் இருக்கும் நடுப்பகுதி. அங்கே இருக்கும் ஈவிஏ என்ற செயற்கை நுரை அமுங்கி அமுங்கி மீளும் சக்தியை இழக்கிறது. ஓட்ட ஷூவுக்கு 500 முதல் 800 கி.மீ. என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் எண்ணைவிட முழங்கால்தான் முந்திக்கொண்டு சொல்லும். கனமான மலையேற்ற ஷூக்களில் அந்த இடத்தில் பாலியூரித்தேன் என்ற வேறு நுரை இருக்கும். அது அவ்வளவு சீக்கிரம் அமுங்கிப்போகாது, ஆனால் காற்றில் உள்ள ஈரமே அதை மெல்ல மெல்ல உடைத்துவிடும். பயன்படுத்தாமல் அலமாரியில் பத்திரமாக வைத்தாலும் இது நடக்கும். கூட வந்த ஒருவரின் புத்தம் புதிதாகத் தெரிந்த பழைய ஷூ, பாதி வழியில் அடிப்பாகம் பிஸ்கட்டைப் போலப் பொடிந்து கழன்றது. மிச்ச வழியெல்லாம் கயிறு கட்டித்தான் நடந்தார். பல வருடம் சும்மா கிடந்த ஷூவை எடுத்தால், கிளம்புவதற்கு முன் நடுப்பகுதியை விரலால் அழுத்தி, வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. சாக்ஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் காயப்போடுகிறேன். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது இழைமேல் படிந்து ஈரத்தைக் கடத்தும் வேலையைக் கெடுக்கும். அதிகச் சூடு எலாஸ்டேனைக் கொல்லும். ஷூ நனைந்தால் இன்சோலை வெளியே எடுத்து, லேஸைத் தளர்த்தி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, தாள் ஈரமானதும் மாற்றுவேன். நெருப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்பசை இளகிவிடும். தினமும் ஓடுகிறவர்கள் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் உள்ளே முழுதாகக் காய நேரம் கிடைக்கும், விரலிடுக்குப் பூஞ்சையும் குறையும்.

நாள் முழுக்க நடை என்றால் மாற்று சாக்ஸ் ஒன்று பையில் இருந்தே ஆக வேண்டும். முதல் உலகப் போரில் நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்று நின்று கால் அழுகிய வீரர்களுக்கு, சாக்ஸை மாற்று, காலை உலர்த்து என்பதுதான் உத்தரவாகவே வந்தது. நமக்கு அவ்வளவு மோசம் இல்லை என்றாலும் வழி அதேதான். மதிய ஓய்வில் ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, காற்றாட விட்டுவிட்டு வேறு ஜோடி மாட்டுகிறேன். ஈரமானதைப் பைக்கு வெளியே தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் பாதியாவது காய்ந்துவிடும். எங்கேயாவது சூடாகக் காந்துகிற மாதிரி தெரிந்தால் அந்த இடத்திலேயே நின்று, மருந்துக் கட்டுக்குப் பயன்படும் காகித டேப்பை ஒட்டிவிடுவேன். இன்னும் அரை மணி நேரம் போனால் டேப் ஒட்ட உலர்ந்த தோல் மிச்சம் இருக்காது.