தொடுகோட்டுக்கு எந்த வழி: சூத்திரமா, தன்மைகாட்டியா, வகைக்கெழுவா?

கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டிய பிறகு பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ஹெட்லைட் வெளிச்சம் சாலையோடு சேர்ந்து வளையாது. அந்த நொடியில் வண்டி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அங்கே நேராக அடிக்கும். அதுதான் தொடுகோடு. அதற்குச் செங்குத்தாகப் பள்ளத்தைப் பார்த்துப் போவது செங்கோடு.

நாமக்கல்லில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ பையன் கேட்டான்: “ஏனுங் சார், வகையிடாம தொடுகோடு வராதுங்களா?” வரும் சாமி, தாராளமாக வரும்.

பரவளையம், நீள்வட்டம் என்றால் ரெடிமேடு சூத்திரமே உண்டு. புள்ளியைப் போட்டதும் விடை. அந்தக் குடும்பத்தைத் தாண்டினால் அது செல்லாது.

அடுத்தது தன்மைகாட்டி: இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் எப்படிப்பட்டவை என்று காட்டும் கோவை. அது 0 ஆனால் இரண்டு மூலங்களும் சமம். கோடும் வளைவரையும் சந்திக்கும் சமன்பாட்டில் இரண்டு மூலங்களும் ஒன்றாக வேண்டும், அவ்வளவுதான். 1637-இல் பிரெஞ்சுக் கணித மேதை டெக்கார்ட் செங்கோடு கண்டுபிடித்ததும் இந்த இரட்டை மூல யோசனையில்தான். கோட்டுக்குப் பதில் வட்டத்தை வைத்தார். வளைவரையில் இல்லாத வெளிப்புள்ளி கொடுத்தால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஒய் = எக்ஸ்² வளைவரைக்கு (1, −3)-லிருந்து தொடுகோடு வேண்டுமா? சந்திப்புச் சமன்பாட்டின் தன்மைகாட்டியை 0 ஆக்கினால் சாய்வு² − 4 × சாய்வு − 12 = 0. சாய்வு 6 அல்லது −2. தொடும் புள்ளியைத் தேடவே வேண்டாம்.

ஆனால் முப்படி வந்தால் இருபடித் தன்மைகாட்டி கைகொடுக்காது. ஒய் = எக்ஸ்³ − 3எக்ஸ், புள்ளி (2, 2). இங்கே எந்தப் புள்ளியிலும் சாய்வைச் சொல்லிவிடும் வகைக்கெழுதான் ராஜா: 3எக்ஸ்² − 3, எக்ஸுக்கு 2 போட்டால் சாய்வு 9. தொடுகோடு ஒய் = 9எக்ஸ் − 16. செங்கோட்டின் சாய்வு −1/9, அதனால் எக்ஸ் + 9ஒய் = 20. நாலு வரிகூட ஆகவில்லை. இதே தொடுகோடு (−4, −52)-இல் வளைவரையை மறுபடி வெட்டும். ‘தொடுகோடு ஒரே இடத்தில்தான் படும்’ என்று வட்டத்தை வைத்துப் படித்த பையன்கள் இங்கே முழிப்பார்கள்.

வகைக்கெழுவிலும் ஒரு குழி இருக்கிறது. அதே வளைவரையில் (1, −2)-க்கு வாருங்கள். சாய்வு 0. தொடுகோடு ஒய் = −2, சரி. செங்கோட்டுக்கு −1/0 என்று எழுதிவிட்டு ‘செங்கோடு இல்லை’ என்று முடித்து மார்க்கைக் கோட்டை விட்டவன் நானே. படம் போட்டுப் பார்த்திருந்தால் எக்ஸ் = 1 நெட்டுக்குத்தாக நின்றிருக்கும்.