டெக்சாஸில் ‘ஃப்ரீ ரேஞ்ச்’ நீல்கை வேட்டைக்கு அட்வான்ஸ் கட்டப் போகிறீர்களா?

வெட்டவெளியில் தன்னிச்சையாகத் திரியும் நீல்கை என்று சொல்லி எங்களிடம் பணம் வாங்கிய அவுட்ஃபிட்டர் (வேட்டை ஏற்பாட்டாளர்), கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியது எட்டடி உயரக் கம்பிவலை அடித்த ராஞ்சில் (பண்ணையில்). வேலிக்குள் வைத்துச் சுடுவது டெக்சாஸில் சட்டப்படி தப்பில்லை. அதை ‘ஃப்ரீ ரேஞ்ச்’ என்று விற்றதுதான் மோசடி.

நீல்கை நம் நாட்டுப் பெரிய மான் வகை மிருகம். 1930 வாக்கில் டெக்சாஸில் விட்டார்கள். இன்று தெற்குக் கடலோரச் சமவெளியில், கெனடி, வில்லசி கவுண்டிகளில் (மாவட்டம் மாதிரி) ஆயிரக்கணக்கில் திரிகிறது. அங்கே இருப்பதெல்லாம் மாட்டுக்குப் போட்ட முள்கம்பிதான். அடியில் நுழைந்து போய்விடும். கடுங்குளிர் அதற்கு ஆகாது. அதனால் சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே, கெர்வில் பக்க மேட்டுநிலத்தில் ‘ஃப்ரீ ரேஞ்ச் நீல்கை’ என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள். எங்கள் ஆள் விளம்பரத்தில் கவுண்டி பெயரே போடவில்லை. டெபாசிட் போன பிறகுதான் லொக்கேஷன் வந்தது: அதே சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே. கேட்டால், எங்கே சுட்டாலும் அதே நீல்கைதானே என்கிறார்.

காட்டில் திரியும் நீல்கை வண்டிச் சத்தம் கேட்டாலே ஓட்டம் பிடிக்கும். இங்கே பிக்கப் நின்றதும், தீவனம் வருகிறது என்று நினைத்து இரண்டு பெட்டைகள் எங்களை நோக்கி நடந்து வந்தன. கைடு காட்டிய கிடாயின் இடது காதில், பண்ணை மிருகத்துக்குப் போடும் அடையாள டேக்கைக் கழற்றிய ஓட்டை. அதன் ஓரம் இன்னும் ஆறக்கூட இல்லை. பைனாகுலரை உறையிலிருந்து எடுக்க வேண்டிய வேலையே வரவில்லை. சுட மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். உடனே அவுட்ஃபிட்டர், அதுவரை கண்ணில் காட்டாத ஒரு ஒப்பந்தத்தை நீட்டி, டிராஃபி ஃபீயில் (சுடும் மிருகத்துக்கான கட்டணத்தில்) பாதி கட்ட வேண்டும் என்றார். காயம்பட்டுத் தப்பினாலும் முழுப்பணம் என்ற வரியும் அதில் இருந்தது. அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை டெபாசிட் வாங்கும் முன்பே காட்ட வேண்டும்.

இதைவிட ஆபத்தான பொய் ஒன்றும் சொன்னார். வெளிநாட்டு மிருகங்களுக்கு அங்கே சீசனும் கிடையாது, இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பும் கிடையாது, அது நிஜம். லைசென்ஸும் வேண்டாம் என்றாரே, அது பச்சைப் பொய். மாநில வேட்டை லைசென்ஸ் கட்டாயம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இதில் விளையாடவே கூடாது: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒரு விலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம்.

பணம் கட்டும் முன் எந்தக் கவுண்டி, எத்தனை ஏக்கர், சுற்றுவேலி எத்தனை அடி என்று மூன்றையும் ஈமெயிலில் கேளுங்கள். போனில் சொன்னது பிறகு நிற்காது. ‘பெரிய ராஞ்ச்’ என்பது பதிலே இல்லை.

டெபாசிட்டை கார்டில் கட்டியிருந்ததால் டிஸ்ப்யூட் போட்டுத் திரும்ப வாங்கிவிட்டேன். தங்கும் இடத்துக்கு என்று கேஷாக வாங்கியதற்கு ரசீதும் தரவில்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை.