இரும்புச்சத்து மாத்திரையும் வயிற்றுத் தொல்லையும்: ஓராண்டுக்கு மேலான அனுபவம்

மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு இருந்ததால் என் ஹீமோகுளோபின் 8 கிராமுக்கு இறங்கியபோது மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். பின்னர் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்துகொண்டன. வயிற்றுத் தொல்லை தாங்காமல் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீண்டும் இரத்தசோகையோடு அல்லாடும் பெண்களை என் உறவிலேயே பார்க்கிறேன். அவர்களைப் போன்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சாப்பிட்டது ஃபெரஸ் சல்ஃபேட். வெறும் வயிற்றில்தான் இரும்பு நன்றாக உட்கிரகிக்கப்படும் என்பதால் காலையில் எழுந்ததும் விழுங்குவேன். சற்று நேரத்தில் குமட்டலும் மேல்வயிற்று வலியும் தொடங்கிவிடும். சில நாள்களில் மலம் கறுத்து இறுகியது. உட்கொள்ளும் இரும்பில் ஒரு சிறு பகுதியை மட்டுமே சிறுகுடல் ஏற்றுக்கொள்கிறது. மீதி, குடலின் உட்சுவரை உறுத்திக்கொண்டே பெருங்குடல்வரை செல்கிறது. மலம் கறுப்பதும் அந்த மீதியால்தான் என்பதால் நிறத்தைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மலம் தாரைப்போலப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் போனால், அது இரைப்பையிலோ குடலிலோ இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். மாத்திரையின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

எனக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது, மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொன்னதுதான். 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு உள்ளே சென்றால், கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்கு இரும்பின் உட்கிரகிப்பைக் குறைத்துவிடுகிறது. இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு உடலில் சேர்கிறது என்பதை, இரும்புக்குறையுள்ள பெண்களிடம் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குடலில் தங்கும் இரும்பு குறைந்ததாலோ என்னவோ, எனக்குக் குமட்டல் பெருமளவு அடங்கியது, மலச்சிக்கலும் தளர்ந்தது. கர்ப்பிணிகள் இதைப் பார்த்துத் தாமாக நாள் விடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரை அவர்கள் தினமும் சாப்பிட வேண்டியது.

மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் காப்பி, தேநீர் குடிப்பதில்லை. உட்கிரகிப்பை அவை வெகுவாகக் குறைக்கின்றன. கொய்யாப்பழம் எனக்கு இருவகையில் உதவியது: அதன் வைட்டமின் சி இரும்பு சேர உதவுகிறது, நார்ச்சத்து மலத்தை இளக்குகிறது. மெதுவாகக் கரையும் பூச்சுள்ள மாத்திரைகளையும் சில காலம் சாப்பிட்டேன். அவை வயிற்றுக்கு இதமாகவே இருந்தன; ஆனால் இரும்பை அதிகம் ஏற்கும் முன்சிறுகுடலைக் கடந்த பிறகே அவற்றில் பெரும்பகுதி கரைவதால் பயன் குறைவு என்று மருத்துவர் நிறுத்திவிட்டார். அந்த முடிவு சரி என்றே நானும் கருதுகிறேன்.

கால்சியம் கார்பனேட் வாயுவையும் மலச்சிக்கலையும் கூட்டியது. சிட்ரேட்டுக்கு மாறியபின் தணிந்தது. கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும் என்பதால் அதை உணவோடு சாப்பிட வேண்டும். இரும்பைத் தடுக்கும் என்பதால், எந்தக் கால்சியத்தையும் இரும்பு மாத்திரையுடன் ஒரே வேளையில் சாப்பிடுவதில்லை. மக்னீசியம் ஆக்சைடோ குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கியது. அதை மலச்சிக்கலுக்கு மருந்தாகச் சிலர் தாமே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது.

இப்போது ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியிருக்கிறது. ஆயினும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இன்னும் நிறையாததால் மாத்திரையைத் தொடர்கிறேன். எந்த வகையை மாற்றிப் பார்த்தும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, மருத்துவமனையில் இரும்பை இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் வசதி இருக்கிறது. மாத்திரையை நிறுத்தும் எண்ணம் வந்தால், அதற்கு முன் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.